தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் கறவை மாட்டுச் சினை ஆய்வு: புதிதாக வருபவர்களுக்கு

கால்நடை இனப்பெருக்கவியலில் முதுநிலை ஆய்வுக்குச் சேர்ந்து, விவசாயிகளின் மாடுகளில் பருவ ஒருங்கிணைப்பு (ஊசி மருந்தால் பல மாடுகளை ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவருவது) ஆய்வு செய்யப் போகிறீர்களா? தலைப்பை எடுத்த அன்றே ஊசி மருந்து வாங்கக் கிளம்பாதீர்கள். கல்லூரிப் பண்ணையில் 20 மாடுகள் ஒரே கூரையின் கீழ் நிற்கும். இங்கே 20 மாடு என்றால் 15 வீடு, 4 ஊர், இடையில் ஒரு ஏரிக்கரை. நாள் கணக்கும் கையெழுத்தும் சரியாக இல்லாவிட்டால் மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தரவு தேறாது.

உதாரணத்துக்கு ஒரே ஆய்வை வைத்துச் சொல்கிறோம். 40 கலப்பினக் கறவைகள். 20 மாடுகளுக்கு ஓவ்சின்க் முறை (மூன்று ஹார்மோன் ஊசி, பிறகு நேரம் குறித்த சினை ஊசி; விவரம் 4-ம் பகுதியில்), 20 மாடுகளுக்கு அதே முறையோடு பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் (சினையைத் தாங்கும் ஹார்மோன்) கருவி. உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் கணக்குப் போடும் விதம் இதுதான்.

1. கேள்வியை மாட்டு எண்ணிக்கைக்குள் அடக்குங்கள்

பெரும்பாலான ஆய்வுகள் முதல் மாட்டைத் தொடுவதற்கு முன்பே இங்கேதான் கோட்டை விடுகின்றன. "எந்த முறையில் சினை பிடிப்பு அதிகம்?" என்று எழுதிவிட்டு, குழுவுக்கு 10 மாடு என்று போடுவார்கள். சினை பிடிப்பு 35 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்ந்ததை வழக்கமான 5 சதவீத முக்கியத்துவம் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80 சதவீதத் திறனோடு (இருக்கும் வேறுபாட்டைப் பிடிக்கும் வாய்ப்பு) காட்ட, குழுவுக்கு ஏறத்தாழ 170 மாடு வேண்டும். 30-லிருந்து 50-க்கு என்றாலும் 93. குழுவில் 10 மாடு வைத்து 3 சினை என்று எழுதினால், உண்மை அளவு 7 சதவீதமாகவும் இருக்கலாம், 65 ஆகவும் இருக்கலாம்.

ஆகவே 40 மாடுதான் முடியும் என்றால் முதன்மை அளவீட்டை மாற்றுங்கள். சினை ஊசி போடும் நாளில் புரோஜெஸ்டிரோன் ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இறங்கியதா, மேலோங்கிய கருமுட்டைப் பையின் விட்டம் எவ்வளவு, அது வெடித்ததா என்பவை அந்த எண்ணிக்கைக்குத் தாங்கும். சினை விகிதத்தையும் எழுதுங்கள், ஆனால் துணை அளவீடாக மட்டும். இதை ஆலோசனைக் குழுவிடம் தலைப்புச் சுருக்கம் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வாய்மொழித் தேர்வில் வந்து சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

2. காகிதங்கள்

முதலில் விலங்கு நெறிமுறைக் குழு. உங்கள் நிறுவனத்தின் ஐஏஇசி குழுவுக்குப் படிவம் பி நிரப்பித் தர வேண்டும். இவற்றையெல்லாம் மேற்பார்க்கும் மைய அமைப்பு சிசிஎஸ்இஏ. 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 15-ம் பிரிவின் கீழ் அமைந்தது. பழைய கட்டுரைகளில் சிபிசிஎஸ்இஏ என்றிருக்கும், அதேதான். எலி, முயல் ஆய்வுகளை நிறுவனக் குழுவே முடித்துவிடும். மாடு பெரிய விலங்கு என்பதால் கோப்பு மேலே போக வேண்டியிருக்கும். உங்களுடையது சிகிச்சை சார்ந்த கள ஆய்வா, பரிசோதனையா என்பதைக் குழுவின் உறுப்பினர் செயலரிடம் கடிதம் கொடுத்துக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "இது வழக்கமான சினை ஊசிதானே, அனுமதி எதற்கு" என்று சீனியர்கள் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். நடந்து முடிந்த வேலைக்குப் பின்தேதியிட்ட அனுமதி கிடையாது, எண் இல்லாத கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பும். குழு மாதாமாதம் கூடுவதில்லை, ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு பருவமே போய்விடும்.

படிவத்தில் திரும்பி வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, மாட்டு எண்ணிக்கைக்கான காரணம்: மேலே சொன்ன கணக்கை அப்படியே காட்டுங்கள். இரண்டு, இரத்தம் எடுக்கும் தடவை: ஒவ்வொரு குத்தலுக்கும் எந்தக் கேள்விக்காக என்று ஒரு வரி.

அடுத்து கால்நடை பராமரிப்புத் துறை. மாவட்டத்தின் மண்டல இணை இயக்குநருக்கு உங்கள் கல்லூரி வழியாகக் கடிதம். அதன் நகல் கோட்ட உதவி இயக்குநருக்கும், நீங்கள் வேலை செய்யப்போகும் மருந்தகத்தின் கால்நடை உதவி மருத்துவருக்கும் போக வேண்டும். இரண்டு மாவட்டத்திலும் வேலை என்றால் கடிதமும் இரண்டு. காரிமங்கலமும் காவேரிப்பட்டினமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் ஒன்று தர்மபுரி, மற்றொன்று கிருஷ்ணகிரி. பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையங்கள் இரு மாவட்டத்திலும் உள்ளன. ஊர் தேர்வு செய்ய அங்கே முதலில் போய் உட்காருங்கள்.

மூன்றாவது, உரிமையாளர் ஒப்புதல் படிவம். ஒரே பக்கம். என்ன ஊசி, எத்தனை முறை, எத்தனை முறை இரத்தம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், மாட்டுக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பது, எந்த எண்ணில் கூப்பிடுவது. ஒசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். தமிழ்ப் படிவத்தில் கைநாட்டு மட்டும் வாங்கிப் போனால் அது ஒப்புதல் ஆகாது. கையெழுத்துப் போடுபவர் வீட்டுக்காரராக இருப்பார், மாட்டைப் பார்ப்பவர் அந்த வீட்டுப் பெண்ணாக இருப்பார். இருவரும் இருக்கும் நேரத்தில் படித்துக் காட்டுங்கள். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி முடிந்த பிறகு, காலை 8 மணிவாக்கில் போவது உத்தமம்.

"கண்டிப்பா செனை நிக்குமா?" என்று கேட்பார்கள். நிற்கும் என்று சொல்லவே சொல்லாதீர்கள். இலவச ஸ்கேன், இலவசச் சினை ஊசி, முடிவைச் சொல்லிவிடுவோம் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள்.

3. மாடு தேர்வு

ஈன்று 60 நாள் தாண்டியது, இரண்டாம் ஈத்து முதல் ஐந்தாம் ஈத்து வரை, 5 புள்ளி அளவுகோலில் உடல்நிலை (சதைப்பிடிப்பு) 2.5 முதல் 3.5, பிறப்புறுப்பு ஒழுக்கு தெளிவாகக் கண்ணாடிபோல் இருப்பது. ஒழுக்கில் வெள்ளைத் துகள் தெரிந்தால் அது கருப்பை அழற்சிக்கான மாடு, உங்கள் ஆய்வுக்கானதல்ல. 3 முறைக்கு மேல் ஊசி போட்டும் நிற்காத மாடுகளை எடுப்பதென்றால் அவற்றை மட்டும் எடுங்கள். சாதாரண மாட்டோடு கலக்காதீர்கள்.

ஈன்ற தேதியை யாரும் தேதியாகச் சொல்வதில்லை. "ஆடி பதினெட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி" என்று வரும், அது நல்ல தேதி. "மூணு மாசம் இருக்கும்" என்பதுதான் ஆபத்து. சினை ஊசி ரசீது, பாரத் பசுதன் (அரசின் கால்நடைப் பதிவு) செயலியின் பதிவு, கன்றின் பல் என்று ஏதாவது ஒன்றோடு ஒப்பிடுங்கள். காதில் உள்ள 12 இலக்க எண்ணை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து எழுதுங்கள். தோடு அறுந்து போவது சகஜம், அதனால் நெற்றிச் சுட்டி, கொம்பு, வால்நுனி நிறம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

முதல் நாளே ஸ்கேன் செய்யாமல் எந்த மாட்டையும் சேர்க்கக் கூடாது. "காலி மாடு" என்று சொல்லப்பட்டது இரண்டு மாதச் சினையாக இருக்கும். 7-ம் நாள் புரோஸ்டாகிளாண்டின் (குளோப்ரோஸ்டினால் ஊசி) போட்டால் கலைந்துவிடும். அந்த ஊரில் உங்கள் ஆய்வு அன்றோடு முடிந்தது.

ஒரே வீட்டில் இரண்டு மாடு இருந்தால் இரண்டையும் ஒரே குழுவில் போடுங்கள். ஒரு மாட்டுக்குத் தாது உப்புக் கலவை கொடுத்தால் மற்றதற்கும் ஒரு கை போகும். அதை யாரும் தடுக்க முடியாது. குழு பிரிப்பது வீட்டுக் கணக்கில், சீட்டுக் குலுக்கி. தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஆழ்துளைக் கிணறா, ஏரியா, குழாய் நீரா என்று ஒரு கட்டம் பதிவேட்டில் இருக்கட்டும். தீவனத்தில் கேழ்வரகுத் தாள், நிலக்கடலைக் கொடி, கம்பெனித் தீவனம் எவ்வளவு என்பதும்.

40 வேண்டுமென்றால் 48 சேருங்கள். நடுவில் விற்றுவிடுவார்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை உங்கள் நாள்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை.

பென்னாகரம் மலையோரத்து ஆலம்பாடி மாடுகளில் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டு மாட்டில் பருவ அறிகுறி குறைந்த நேரமே தெரியும், பட்டியில் அடைத்த மாட்டைப் பிடித்துக் கட்டவே பாதி நாள் போகும். காரிமங்கலத்தில் அந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள், காட்டிலிருந்து அல்ல.

4. நாள்காட்டி

முறை இதுதான்: 0-ம் நாள் புசெரலின் (கருமுட்டைப் பையை வெடிக்கச் செய்யும் ஹார்மோன்) 10 மைக்ரோகிராம். 7-ம் நாள் குளோப்ரோஸ்டினால் 500 மைக்ரோகிராம். அதிலிருந்து 48 முதல் 56 மணி நேரத்தில் மீண்டும் புசெரலின். அதிலிருந்து 16 முதல் 20 மணி நேரத்தில் சினை ஊசி. கருவி வைக்கும் குழுவுக்கு 0-ம் நாள் உள்ளே, 7-ம் நாள் வெளியே.

இதைக் கிழமையாக மாற்றிக்கொண்டால் ஊருக்கும் புரியும், உங்களுக்கும் தூக்கம் வரும். 0-ம் நாள் திங்கள் காலை 8 மணி. 7-ம் நாள் அடுத்த திங்கள் காலை 8. புதன் மாலை 4 மணிக்கு இரண்டாம் புசெரலின், அதாவது 56 மணி நேரம். வியாழன் காலை 8 மணிக்குச் சினை ஊசி, அதாவது 16 மணி நேரம். எல்லாமே கறவை முடிந்து, மேய்ச்சலுக்கு அவிழ்க்கும் முன்போ, வீடு திரும்பிய பின்போ வருகிறது. வெள்ளிக்கிழமை மாட்டைக் குத்த விடாத வீடுகள் உண்டு, அந்தச் சிக்கலும் இதில் இல்லை. ஊசி போட்ட 12-ம் நாள் இரத்தம் செவ்வாயில் விழும். 30-ம் நாள் ஸ்கேன் சனி, 60-ம் நாள் கை பரிசோதனை திங்கள்.

ஒரு தொகுதிக்கு, உபரியும் சேர்த்து, 12 மாட்டுக்கு மேல் வேண்டாம், ஒரு மருந்தகத்தைச் சுற்றி 5, 6 கிலோமீட்டருக்குள். முதல் மாட்டிலிருந்து கடைசி மாட்டுக்குப் போக இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே எல்லா நாளும் அதே வரிசையில் போங்கள், இடைவெளி மாட்டுக்கு மாடு மாறாது. தொகுதிகளை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கினால் ஒரே திங்கள் காலையில் ஒரு தொகுதிக்கு 0-ம் நாளும் மற்றதற்கு 7-ம் நாளும் வரும், மருந்து மாறிப்போகும் இடம் அதுதான். நான்கு தொகுதி, இரண்டு வார இடைவெளி, கடைசித் தொகுதிக்கு 70 நாள்: மொத்தம் 112 நாள், 16 வாரம்.

ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்தால் அக்டோபர் கடைசியில் களவேலை முடியும். ஏப்ரல், மே வெயிலில் கலப்பின மாட்டின் பருவமும் சினை பிடிப்பும் சரியும். அப்போது எடுத்த தரவு முறையைப் பற்றிப் பேசாது, வெயிலைப் பற்றித்தான் பேசும். மாட்டுப் பொங்கல் வாரத்தில் எதையும் வைக்காதீர்கள். கோமாரித் தடுப்பூசிச் சுற்று எப்போது வருகிறது என்று மருந்தகத்தில் கேட்டு, அதற்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் விட்டுவிடுங்கள். பின்னோக்கி எண்ணினால் நெறிமுறைக் குழு மனு ஜனவரிக்குள் உள்ளே போயிருக்க வேண்டும்.

ஒரு பொறி. 7-ம் நாளுக்கும் 9-ம் நாளுக்கும் இடையில் சில மாடுகள் தாமாகவே பருவத்துக்கு வந்து கத்தும். வீட்டுக்காரர் போன் போட்டு ஊர் ஊசிக்காரரை வரவழைத்துவிடுவார், அவர் மேல் தப்பில்லை. அந்த மாட்டை என்ன செய்வது என்று முன்பே எழுதி வையுங்கள். பருவம் பார்த்து உங்கள் உறைவிந்தையே போட்டு, தனிக் குறியோடு பதிவது நல்லது. அப்பகுதியில் சினை ஊசி போடும் எல்லோருக்கும் மாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

5. செலவுக் கணக்கு

விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அளவு மாறாது. அளவைப் போட்டு மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள்.

புசெரலின் மாட்டுக்கு இரண்டு தடவை, தடவைக்கு 2.5 மில்லி. 10 மில்லிக் குப்பி ஒன்று இரண்டு மாட்டுக்கு. 40 மாட்டுக்கு 20 குப்பி, உடைவதற்கும் சிந்துவதற்கும் 2 சேர்த்து 22. குளோப்ரோஸ்டினால் 2 மில்லி வீதம் 40, கருவி 20. சேர்த்த உபரி மாடுகளுக்கு இதே விகிதத்தில் கூட்டுங்கள்.

பெரிய செலவு புரோஜெஸ்டிரோன் எலைசா கிட் (இரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்க்கும் தட்டு). மாட்டுக்கு 4 மாதிரி: 0-ம் நாள், 7-ம் நாள், ஊசி போடும் நாள், அதன்பின் 12-ம் நாள். 160 மாதிரி. 96 குழித் தட்டில் 160 மாதிரிக்கு இரண்டு தட்டு போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். தரநிலைக் கரைசல் 7, கட்டுப்பாடு 1, எல்லாம் இரட்டையாக வைத்தால் 16 குழி போய்விடும். மீதி 80 குழியில் மாதிரியும் இரட்டையாக வைத்தால் 40 மாதிரிதான். ஆக 4 கிட். ஒரே தொகுதி எண்ணில் நான்கையும் வாங்குங்கள். ஒரு மாட்டின் நான்கு மாதிரியும் ஒரே தட்டில் இருக்க வேண்டும், தட்டுக்குத் தட்டு இரண்டு குழு மாடுகளும் கலந்திருக்க வேண்டும். கிட்டை ஜூலையில் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்து நவம்பரில் திறந்தால் காலாவதி. களவேலை முடியும் தருவாயில் ஆர்டர் போடுங்கள், வந்து சேர ஆகும் நாளையும் கேட்டு.

பலர் மறப்பவை: பெட்ரோல் (ஒரு தொகுதிக்கு ஊருக்குள் குறைந்தது ஏழு முறை போக வேண்டும்), திரவ நைட்ரஜன் நிரப்புதல், ஐஸ், தோள்வரை வரும் கையுறை, ஸ்கேன் ஜெல்.

6. இரத்தம்

மாட்டு இரத்தத்தில் சிவப்பணுக்களே புரோஜெஸ்டிரோனைச் சிதைத்துவிடும். வெயிலில் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று ஊர் சுற்றினால் அளவு சரிந்திருக்கும், 1 நானோகிராம் என்ற கோட்டுக்குக் கீழே போய் "கார்பஸ் லூட்டியம் (முட்டை வெடித்த இடத்தில் உருவாகி புரோஜெஸ்டிரோன் சுரக்கும் பகுதி) இல்லை" என்று தப்பாக எழுதுவீர்கள். ஹெப்பாரின் குழாயில் எடுத்து, உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, 2, 3 மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரியுங்கள்: 3000 சுற்று, 15 நிமிடம். ஐஸ் கட்டி குழாயை நேரடியாகத் தொடக் கூடாது, செல் உடைந்து சிவக்கும், நடுவில் துணி வையுங்கள். ஜெல் உள்ள குழாய் வேண்டாம், ஜெல் ஸ்டீராய்டை இழுத்துக்கொள்ளும். ஹெப்பாரின் பிளாஸ்மாவை உங்கள் கிட் ஏற்குமா என்று வாங்கும்முன் கையேட்டில் பாருங்கள்.

கழுத்து நரம்பில் ஊசி குத்தினால் வீட்டில் உள்ளவர்கள் பதறுவார்கள். வாலடி நரம்பில் 5 மில்லி எளிதாக வரும். எல்லா மாட்டுக்கும் எல்லா நாளும் ஒரே இடத்தில் எடுங்கள்.

பிளாஸ்மாவை இரண்டு குழலாகப் பிரித்து, இரண்டு வெவ்வேறு ஃபிரீசரில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். கரண்ட் போனது தெரிய, ஒரு கப் ஐஸின் மேல் காசு ஒன்றை வைத்துவிடுங்கள். காசு அடியில் கிடந்தால் உருகி உறைந்திருக்கிறது.

கருவி வைத்த குழுவில் 7-ம் நாள் மாதிரி ஒரு கண்ணி. அதில் வரும் புரோஜெஸ்டிரோன் கருவியுடையதா, கார்பஸ் லூட்டியத்துடையதா என்று பிரிக்க முடியாது. அன்றைய முடிவை ஸ்கேனில் பார்த்த கார்பஸ் லூட்டியத்தை வைத்தே எழுதுங்கள். இரண்டு குழுவின் 7-ம் நாள் அளவை நேருக்கு நேர் ஒப்பிட்டு "கருவி வைத்ததில் அதிகம்" என்று முடிவு எழுதுவது, மழை பெய்ததால் தரை நனைந்தது என்று எழுதுவது போல.

7. சினை ஊசி நாள்

ஒரே காளை, ஒரே உற்பத்தித் தேதி, ஒரே ஆள். 0.25 மில்லி உறைவிந்துக் குச்சிகளை மொத்தமாக வாங்கி, இரண்டு குச்சியை உருக்கி நுண்ணோக்கியில் பாருங்கள், நகரும் அணுக்கள் 50 சதவீதத்துக்குக் குறைந்தால் திருப்பிக் கொடுங்கள். நைட்ரஜன் ஜாடியிலிருந்து எடுக்கும்போது குச்சிக் கூடையைக் கழுத்துக்கு மேல் தூக்காமல் 10 நொடிக்குள் இடுக்கியால் எடுக்க வேண்டும். எண்ணைப் படிக்கத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதில்தான் மற்ற குச்சிகள் கெடுகின்றன. 37 டிகிரி நீரில் 30 நொடி. வெப்பமானியோடு ஒரு ஃபிளாஸ்க் கொண்டு போங்கள். கைச்சூட்டில் உருக்குவது, சட்டைப் பையில் வைப்பது எதுவும் ஆய்வில் ஆகாது. துடைத்து ஈரம் போக்கிய பிறகே வெட்டுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் போதும் விந்தணு சாக. கருப்பைக் கழுத்தைத் தாண்டியதும் நிறுத்தி அங்கேயே விடுங்கள்.

நைட்ரஜன் ஜாடியை மூடிய காருக்குள் வைத்துப் பயணம் செய்யாதீர்கள், கண்ணாடி இறங்கியிருக்கட்டும். புரோஸ்டாகிளாண்டினைக் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடவே கூடாது, தோல் வழியாகவே உள்ளே போகும். வீட்டுப் பெண்களிடம் குப்பியைப் பிடிக்கச் சொல்வது, காலிக் குப்பியைக் கட்டுத்தறியில் விட்டுவிட்டு வருவது இரண்டும் வேண்டாம்.

8. முடிவு சொல்லும் நாள்

30-ம் நாள் ஸ்கேனில் சினை என்று தெரிந்தாலும் வீட்டில் "இப்போதைக்கு இருக்கு" என்றே சொல்லுங்கள். 60-ம் நாளுக்குள் சில கலையும், அந்த எண்ணிக்கையும் உங்கள் தரவுதான். சினை இல்லாத மாட்டுக்கு அன்றே மருந்தக மருத்துவரிடம் சீட்டு எழுதிக் கொடுங்கள், வீட்டுக்காரர் இன்னொரு பருவத்தை இழக்கக் கூடாது.

சினை உறுதியான மாட்டுக்கு ஒரு அட்டை: காது எண், காளை எண், ஊசி தேதி, உத்தேச ஈற்றுத் தேதி. 280 நாள் என்பது சரியாக 40 வாரம். வியாழக்கிழமை ஊசி போட்ட மாட்டுக்கு உத்தேச நாளும் வியாழனாகவே வரும், வேறு கிழமை வந்தால் கூட்டலைத் திருத்துங்கள். அட்டையைப் பால் சொசைட்டிப் புத்தகத்துக்குள் வைத்துத் தந்தால் தொலையாது.

கன்று போட்டதும் போன் செய்யச் சொல்லுங்கள், ஆனால் அதை நம்பியிராமல் உத்தேச நாளுக்கு ஒரு வாரம் கழித்து நீங்களே கூப்பிடுங்கள். ஈற்றுத் தேதியும் கன்று கிடேரியா காளையா என்பதும் பதிவேட்டின் கடைசி இரண்டு கட்டம். அவை காலியாக இருக்கும் வரை அந்த மாட்டின் வரிசையை மூடாதீர்கள்.